விருந்தாளிக்கு மழைத்தண்ணீர்

அக்கா, புகையில் கண் எரிகிறது, எழுத்து தெரியவில்லை. அதனால் நான் பேசப் பேசப் போனே எழுதிக்கொள்கிறது. படகுத்துறையின் கடைசிப் பலகையில் நின்றால்தான் சிக்னல். நேற்று நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாவுக்கு நீயே வாசித்துக் காட்டு. எந்த இடத்தை விடவேண்டும் என்று உனக்குத் தெரியும்.

தஞ்சுங் ரசாவின் தண்ணீரைப் பற்றி நான் புலம்பியது பாதிதான். இந்த ஊர் நிற்பது மண்ணில் இல்லை. மக்கிப்போன மரமும் வேரும் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கிற சதுப்பில். அதில் ஊறி வருகிற கால்வாய்த் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். வாயில் வைத்தால் புளிக்கும். அதில் சோறு வடித்தால் சோறு பழுப்பு. என் வெள்ளைச் சீருடை ஒரே மாதத்தில் டீ வடிகட்டி போலாகிவிட்டது. குடிப்பதற்கு மழைத்தண்ணீர், ஒவ்வொரு வீட்டிலும் கூரைக்கு அடியில் ஜாடி வைத்துச் சேர்ப்பார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கால்வாய்தான். எனக்கு முன்னால் இங்கே பிரசவம் பார்க்க வந்த மூன்று பேரும் இந்தத் தண்ணீருக்குப் பயந்தே ஓடினார்கள். பேயை விரட்டக்கூட மந்திரம் வேண்டும், நர்சம்மாவை விரட்ட ஒரு வாளித் தண்ணீர் போதும் என்பது இந்த ஊர்க்காரர்களே சொல்கிற வேடிக்கை.

அதனால்தான் என்னைப் பிடித்துவைக்க ஒரு மெஷின் வைத்தார்கள்.

யாரோ கல்லூரிப் பிள்ளைகள் வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. அதைக் காப்பாற்றி வருகிறவர் ஜூலாக் இதார். ஜூலாக் என்றால் இங்கே பெரியப்பா முறை. படகு என்ஜின் பழுது பார்க்கிறவர். சுகாதார நிலையத்தின் பின்பக்கம் இரண்டு நீல டிரம். முதல் டிரம்மில் பழைய ஜன்னல் சட்டங்களை வெட்டிய அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தொங்கும். கூரையில் சோலார், கீழே லாரி பேட்டரி. கால்வாய்த் தண்ணீரை ஊற்றி, ஒரு கை சுண்ணாம்பு போட்டு, சுவிட்சைப் போட்டால் மீட்டரின் முள் எழும், தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த அலுமினியம் தண்ணீரிலுள்ள பழுப்பையெல்லாம் திரட்டிப் பிடித்துக்கொள்ளும். தகட்டிலிருந்து கிளம்புகிற பொடிக் குமிழிகள் அந்தத் திரளை மேலே தூக்கிவரும். அரைமணி நேரத்தில் மேலே அழுக்கு நுரை, கீழே தெளிந்த தண்ணீர். அது இரண்டாவது டிரம்மில் மணலிலும் கரியிலும் இறங்கிக் குழாயில் வரும்.

முதல் தடவை அந்தத் தண்ணீரில் முகம் கழுவியபோது அழுகை வந்தது. ஊர் ஏரித் தண்ணீர் ஞாபகம் வந்து அழுகிறேன் என்று நினைத்தார்கள். அது இல்லை அக்கா. இனி போவதற்குக் காரணம் இல்லையே என்று தோன்றிவிட்டது.

"மீனுக்கு வலை, நர்சம்மாவுக்கு மெஷின்" என்று ஜூலாக் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்கு ஒரு வேலையும் உண்டு. தினமும் பேட்டரி ஒயர்களை இடம் மாற்றிப் போடவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கத் தகட்டில் மட்டும் ஏடு படிந்து மின்சாரம் போகாது. நிலையத்தின் பின்பக்கம் இருப்பதால் அது என் வேலையாகிவிட்டது. காலையில் சிவப்பு ஒயரை இங்கே, கறுப்பு ஒயரை அங்கே. மறுநாள் காலையில் திருப்பி. ஒருநாள் பக்கத்து ஊருக்குப் போய்த் தங்கினாலும், "நர்சம்மா, ஒயரு?" என்று ஆள் அனுப்புவார்கள்.

இப்போது நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். மாவட்ட அலுவலகத்திலிருந்து சுதிக்னோ சார் வருவதாக இருந்தது. சுத்தமான தண்ணீர் இல்லாத நிலையங்களை மூடிவிடுவது என்று மேலே முடிவாகியிருக்கிறது. எங்கள் மெஷினைப் பார்த்துவிட்டு அவர் சொல்வதுதான் தீர்ப்பு. மூடினால் என் ஒப்பந்தம் அன்றோடு முடியும், அவருடைய படகிலேயே கிளம்பலாம், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன். மூடாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம். நானாக விட்டுவிட்டு வந்தால் எந்த மாவட்டத்திலும் மறுபடி வேலை கிடையாது. கால்வாய் வேறு வற்றிக்கொண்டே வருகிறது. காட்டில் தரைக்கு அடியில் நெருப்பு பிடித்துப் புகை வேறு. சாரின் படகுதான் மழைக்கு முன் கடைசிப் படகு.

நான் பையைக் கட்டிப் பின்வாசலில் வைத்துவிட்டேன். மெஷினுக்கு ஏதாவது ஆகட்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஆகக்கூடாது என்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

காலையிலிருந்தே பின்பக்கம் ஒரே நடமாட்டம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் உள்ளே கேட்டது. டிரம்மை நிரப்புகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு மஸ்னியா எட்டிப் பார்த்தாள். அவளை அச்சில் என்று கூப்பிடுவேன், சித்தி முறை.

"நர்சம்மா, பை கட்டிட்டியா?"

"சும்மாதான் அச்சில். துணியை மடிச்சு வெச்சேன்."

"துணி மடிக்கிறவ செருப்பையுமா மடிச்சு வெப்பா?" அவள் பையின் வாயில் துருத்திக்கொண்டிருந்த செருப்பை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்து மூடினாள். "இப்பிடி வெச்சாத்தான் விழாது."

இது மட்டும்தான் சொன்னாள். போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சார் வந்து இறங்கினபோது முகமெல்லாம் வியர்வை. படகோட்டி அர்பானி பல தடவை சேற்றில் இறங்கித் தள்ளியிருக்கிறான், இடுப்புவரை கறுப்பு.

"சீக்கிரம் சார்" என்றான் அர்பானி. "ஓதம் வத்துது, கடல் தண்ணிய உள்ள இழுக்குது. இன்னும் இறங்கிச்சுன்னா நானும் நீங்களும் இங்கயே பொண்ணு பாத்துக் குடித்தனம் நடத்த வேண்டியதுதான்."

"எங்க உங்க மெஷின்?" என்று கேட்டபடியே சார் பின்பக்கம் நடந்தார். ஊரே அங்கே நின்றது. ஜூலாக் மசூதிக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவிட்சின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தார். சார் தலையாட்டியதும் தட்டினார்.

மீட்டரின் முள் அசையவில்லை.

ஜூலாக் மறுபடி தட்டினார். முள் அப்படியே படுத்திருந்தது. டிரம்மில் ஒரு குமிழி இல்லை. ஜூலாக் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார், ஒயரை அழுத்திப் பார்த்தார், பெட்டியைத் திறந்து உள்ளே முகத்தை வைத்துப் பார்த்தார். யாரோ இருமினார்கள். "நேத்துகூட ஓடிச்சு சார்" என்றார்.

"எல்லா ஊர்லயும் நேத்து ஓடுது" என்றார் சார். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கையை விட்டுத் தண்ணீரை அள்ளிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. "இது என்ன தண்ணி?"

"மழைத்தண்ணி சார்" என்றாள் மஸ்னியா. முகம் மலர்ந்திருந்தது. "எல்லா வீட்டு ஜாடியிலேர்ந்தும் ஊத்திட்டோம். அடிவரைக்கும் வழிச்சு ஊத்தியாச்சு."

"எதுக்கு?"

"என்ன சார் இப்பிடிக் கேக்குறீங்க? விருந்தாளி வர்றப்ப கால்வாய்த் தண்ணியையா வெப்பாங்க?"

அக்கா, இது உனக்குப் புரியவேண்டும். இங்கே விருந்தாளிக்கு மழைத்தண்ணீர்தான். வீட்டில் ஒரே ஒரு டம்ளர் மழைத்தண்ணீர் இருந்தாலும் அது வருகிறவருக்கு. சார் பார்க்கப்போவது மெஷினின் தண்ணீரை. அப்படியானால் மெஷினுக்கு ஊரிலேயே நல்ல தண்ணீரைக் கொடுக்கவேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். இந்த வறட்சியில், குடிக்க வைத்திருந்த கடைசித் தண்ணீரை.

மழைத்தண்ணீரில் மின்சாரம் ஓடாது. அதில் உப்பு இல்லை, சுத்தமான தண்ணீர்தானே என்று சுண்ணாம்பும் போடவில்லை, ஒன்றுமே இல்லை. மழைக்காலத்தில் டிரம்முக்கு ஒரு கை உப்பு போட்டுத்தான் ஓட்டுவோம். வறட்சி மாதங்களில் கடல் தண்ணீர் கொஞ்சம் கால்வாய்க்குள் ஏறிவிடும், உப்பு தானாகவே இருக்கும். அதனால் பல வாரமாக யாரும் உப்பைத் தொடவில்லை, அப்படி ஒன்று உண்டு என்பதையே மறந்துவிட்டார்கள். மெஷினுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

முள்ளையும் டிரம்மையும் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

"அப்ப மழைத்தண்ணியை ஊத்தி, மெஷின்ல வந்த தண்ணின்னு எனக்குக் காட்டலாம்னு பாத்தீங்களா?" என்றார் சார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எல்லா ஊரிலும் பார்த்துச் சலித்தவர் குரல்.

"இல்ல சார், இல்ல சார்" என்று நாலைந்து குரல்கள். ஜூலாக் தன் கையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டே இருந்தார். நான் காலையில் மாற்றிப்போட்ட ஒயர்.

சார் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், பையெல்லாம் தயாரா இருக்கு போல. நல்லது. படகுல இடம் இருக்கு" என்றார்.

அக்கா, அந்த நிமிஷம் முதலில் நிம்மதிதான் வந்தது. இங்கே பிரசவம் பார்க்கப் பழைய ஆள் ஒருத்தி இருக்கிறாள், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பார்க்கிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மெஷினை யாராவது ஒரு நாள் கால்வாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்ப்பார்கள், அவர்களே தெரிந்துகொள்வார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். பையை எடுக்கக் குனிந்துவிட்டேன்.

"டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்றாள் மஸ்னியா.

"நேரமில்லம்மா."

அதைக் கேட்டதும் அர்பானி படகிலிருந்து இறங்கிவிட்டான். "அப்ப நான் வரலை சார்."

"என்னய்யா இது, ஓதம் வத்துதுன்னு நீதானே சொன்னே?"

"வத்தட்டும். குடுத்ததைத் தொடாம வர்றவரை நான் ஏத்த மாட்டேன். போன வருஷம் ஒருத்தர் காப்பி வேணாம்னு சொல்லிட்டு ஏறினாரு. வளைவு தாண்டலை, என்ஜினோட பங்கா உடைஞ்சுது. ராத்திரி பூரா முதலை இருக்கிற இடத்துல நானும் அவரும்."

இது இங்கே கபுஹுனான். குடிக்கவோ தின்னவோ கொடுத்ததைத் தொடாமல் கிளம்பினால் வழியில் ஆபத்து வரும். குடிக்காவிட்டாலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் போதும். ஆனால் தொடுவதற்கு டீ வேண்டுமே. மஸ்னியா அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். ஈர விறகு.

அந்த டீ கொதிக்கிறவரை நான் பட்ட பாட்டை என்ன சொல்வது! சார் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகு கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஜூலாக் இடுக்கியை எடுத்துத் தகடுகளைக் கழற்றத் தொடங்கினார். ஒவ்வொரு தகட்டையும் கழற்றி, துடைத்து, புல்லில் அடுக்கினார். மெஷின் முடிந்தது என்று அவரே முடிவு செய்துவிட்டார். என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க நர்சம்மா. வலை கிழிஞ்சுபோச்சு" என்றார். வேடிக்கை பண்ணப் பார்த்தார்; பிறகு அடுத்த தகட்டைக் கழற்றக் குனிந்தார்.

நான் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீ வந்தது. சாருக்கு ஒரு கண்ணாடி டம்ளர், எனக்கு ஒன்று. போகிறவளுக்கும் கொடுக்கவேண்டுமே. சார் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். செக்கச் செவேலென்று, அடிவரை தெரிந்தது. ஒரு வாய் குடித்தார்.

"நல்லா இருக்கே. மழைத்தண்ணி கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கீங்க, அப்ப."

"ஏது சார் மிச்சம்? எல்லாம் டிரம்முல. இது நேத்து மெஷின்ல வந்தது" என்றாள் மஸ்னியா. "மன்னிச்சுக்குங்க, உங்களுக்கு இதைக் குடுக்க வேண்டியதாயிடுச்சு."

சார் சிரித்தார். "அம்மா, மெஷினே ஓடலை. இன்னும் அதையேவா சொல்வீங்க?" பிறகு சிரிப்பு நின்று என்னைப் பார்த்தார். "சிஸ்டர், நீங்க சொல்லுங்க. நீங்க வெளியூர். உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல. இந்த டீ எந்தத் தண்ணி?"

எனக்கு இதில் ஒன்றும் இல்லையாம்.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் பையைப் பார்த்தார்கள். அதுதான் தாங்கவில்லை அக்கா. நான் பொய் சொல்வேன் என்று எதிர்பார்த்து இல்லை. சொன்னாலும் பரவாயில்லை, பாவம் போகட்டும் என்பது போலப் பார்த்தார்கள்.

"கால்வாய்த் தண்ணி சார்" என்றேன்.

"என்னது?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. மழைத்தண்ணியில கரன்ட் ஓடாது. ஜூலாக், அந்தத் தகட்டுல நாலு எடுங்க. அச்சில், ஒரு வாளி கால்வாய்த் தண்ணி. சுண்ணாம்பு டப்பா அந்தப் பலகையில இருக்கு."

என் குரல் எனக்கே அதட்டல் போலக் கேட்டது. மஸ்னியா ஓடினாள். கண்ணாடி மீன் தொட்டி ஒன்று நிலையத்தில் சும்மா கிடந்தது, அதில் ஊற்றினோம். கடுங்கறுப்பு. ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டு, நாலு தகட்டையும் இறக்கி ஒயரை மாட்டினேன்.

முள் எழுந்து நின்றது.

ஜூலாக் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அடிபட்டவர் போல. தகட்டோரம் பால் போலக் குமிழி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுப்பு திரிந்தது; திரித்திரியாக, மேகம் போல. திரிந்ததை எல்லாம் குமிழி மேலே ஏற்றியது. பழுப்பு நுரை தடித்தது. அதற்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. சார் நாற்காலியிலிருந்து இறங்கி மண்டிபோட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். அர்பானிகூட ஓதத்தை மறந்துவிட்டான். கடைசியில் சார் அடித்தண்ணீரைத் தன் கண்ணாடிக் குழாயில் எடுத்து வண்ணத்தாளோடு ஒப்பிட்டார். தலையை ஆட்டினார்.

"இத்தனை நேரம் ஏன் சிஸ்டர் சும்மா இருந்தீங்க?" என்று மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

நான் ஒயரைக் கழற்றினேன். அவரும் பையை ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

"நிலையம் இருக்கும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஊர் கைதட்டவில்லை. தலைகுனிந்து நின்றார்கள், இழவு வீட்டில் நிற்பதுபோல. எனக்காகத்தான்.

படகை எட்டுப் பேர் சேற்றில் தள்ளினார்கள். புகையில் சீக்கிரமே மறைந்துவிட்டது. என்ஜின் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. இனி மழை வந்து கால்வாய் நிறைகிறவரை யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது.

திரும்பி வந்தால் பின்வாசலில் பை இல்லை.

"அச்சில், யாரு எடுக்கச் சொன்னா?" என்று கத்திவிட்டேன்.

"வெளியில கெடந்தா புகை ஏறும்மா. துணியெல்லாம் நாறும்" என்றாள் மஸ்னியா. "கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன். பிரிக்கலை."

அக்கா, நான் நல்லவள் என்று அம்மாவிடம் சொல்லாதே. சார் என்னை நேராகப் பார்த்துக் கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருப்பேன். உண்மை அதுதான். சொன்னதற்காக மனம் நிறைந்தும் இல்லை. ராத்திரி கதவைத் திறந்து வைத்துப் படுத்தேன், மூச்சு முட்டியது. திறந்தால் புகை, மூடினால் புழுக்கம்.

இன்னொன்று. ஜாடியெல்லாம் காலி. டிரம்மில் இருந்த மழைத்தண்ணீரைத் திரும்ப அள்ளலாம் என்று பார்த்தால், கழற்றிய தகடுகளில் ஒட்டியிருந்த தூளும் சுண்ணாம்பும் விழுந்து அது எதற்கும் ஆகாமல் போய்விட்டது. ஆக, இந்த ஊர் முழுக்க இனி குடிக்கப்போவது மெஷின் தண்ணீர்தான். அந்த மெஷினுக்குத் தினமும் ஒயர் மாற்றவேண்டும்.

இன்று காலையில், தகடுகளைத் திரும்ப மாட்டி முடித்த ஜூலாக்கைக் கூப்பிட்டு ஒயரைக் கையில் கொடுத்தேன். "இனிமே நீங்க மாத்துங்க."

"ஏன், நர்சம்மா எங்க போறீங்க?"

"எங்கயும் போகலை. எங்கயும் போக முடியாது. இந்த ஒயருமா என்னைக் கட்டிவைக்கணும்? அதனாலதான்."

அவர் வேடிக்கை ஒன்றும் சொல்லாமல் சிவப்பைக் கறுப்பு இருந்த இடத்தில் மாட்டினார். சரியாக மாட்டினாரா என்று நான் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நேற்று எனக்கு ஊற்றின டீ இன்னும் ஜன்னலில் இருக்கிறது. மஸ்னியா அதை எடுத்துக் கழுவ மாட்டேன் என்கிறாள். "நீ தொடலையே" என்கிறாள். "போகலைதான். ஆனாலும் தொட்டுடு." நான் இன்னும் தொடவில்லை. ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

என் கட்டிலைத் தம்பி எடுத்துக்கொள்ளட்டும், அக்கா. அம்மாவிடம் மழை வந்ததும் பேசுகிறேன் என்று சொல். இங்கே இப்போதைக்கு மேகம் இல்லை, புகைதான்.